லாரி பார்சலில் எஞ்சின் போகிறது

பனமரத்துப்பட்டி அரளிக்குப் பேர் போன ஊர். பூ மூட்டை கட்டத் தெரிந்த கை இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. காரின் ஹெட்டையோ கிராங்கையோ கட்டி அனுப்பச் சொன்னால்தான் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். பாகம் அடிபடுவது பெரும்பாலும் ரோட்டில் அல்ல. புக்கிங் ஆபீஸ் திண்ணையிலும் கோடவுன் தரையிலும்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒருவர், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, அவசரத்தில் அதை இறக்கப் போகிறார். அவர் கையை நினைத்துக் கட்டினால் போதும். மீதியெல்லாம் தானாக வரும்.

1. முதலில் எடை போடுங்கள். கண் மதிப்பு இதில் ஏமாற்றும்: ஒரே அளவுள்ள வார்ப்பிரும்பு, அலுமினியத்தைவிட இரண்டரை மடங்குக்கும் மேல் கனம். பழைய இரும்புக் கடைத் தராசே இதற்குத் தோது.

2. ஒரு பெட்டி 50 கிலோவைத் தாண்டாமல் பிரித்துக் கட்டுங்கள். சிமெண்ட் மூட்டையின் எடை அதுதான். லோடுமேன்களுக்குப் பழகின கனம். ஒரு ஆள் கையால் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 1967-இல் பரிந்துரைத்தது. அறுபதிலிருந்து தொண்ணூறு கிலோ வரை உள்ள பெட்டிதான் பெரிய ஆபத்து. ஒருத்தரால் தூக்க முடியாது, இன்னொருத்தரைக் கூப்பிடவும் தோன்றாது. ஆகவே உருட்டி விடுவார்கள். அவ்வளவு கனம் என்றால் அடியில் மரச்சட்டம் அடித்துத் தள்ளுவண்டியில்தான் ஏற்ற முடியும் என்ற நிலைக்குக் கொண்டு வந்துவிடுங்கள்.

3. ஆயில், கூலன்ட், பெட்ரோல், டீசல் எல்லாவற்றையும் வடித்துவிடுங்கள். ஒரு ராத்திரி சாய்த்து வைத்தால் மிச்சமும் இறங்கிவிடும். டிரெயின் போல்ட்டை வாஷரோடு திரும்ப மாட்ட மறக்க வேண்டாம். ரயில் பார்சலில் பைக்கையே பெட்ரோலை வடித்த பிறகுதான் எடுத்துக்கொள்வார்கள். ஆயில் ஒழுகி அடுத்தவர் ஜவுளி பேல் நனைந்தால் அந்தப் பஞ்சாயத்து உங்கள் தலையில்.

4. திறந்திருக்கும் துவாரங்களில் துணியைத் திணிக்காதீர்கள். மாட்டுகிறவர் பார்க்காமல் விட்டால் அந்தத் துணி எஞ்சினுக்குள் போய்விடும். வெளியே துருத்திக்கொண்டு தெரிகிற பிளாஸ்டிக் மூடி நல்லது. இல்லையென்றால் கனமான பிளாஸ்டிக் ஷீட்டை மேலே போர்த்தி சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி மாட்டுங்கள்.

5. செய்தித்தாளில் சுற்றும் வழக்கத்தை விட வேண்டும். தாள் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு ஈரத்தைப் பிடித்து வைக்கும். கடைந்த பளபளப்பான பரப்பில் வெறும் விரல் பட்ட வியர்வைத் தடம்கூட நாலு நாளில் துருவாகும். துடைத்து, கிரீஸ் தடவி, பாலித்தீன் சுற்றி, அதற்கு மேல் பழைய காட்டன் சேலை. வி.சி.ஐ. என்ற துருத்தடுப்புப் பேப்பர் கிடைத்தால் இன்னும் மேல்.

6. ஹெட்டைத் தட்டையான பக்கம் கீழே வருமாறு வைக்கவே கூடாது. கேம் ஷாஃப்ட் மாட்டியிருந்தால் ஏதோ ஒரு வால்வு திறந்து கீழே நீட்டிக்கொண்டுதான் இருக்கும். எடை அதன்மேல் இறங்கினால் வளைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத வளைவு. மாட்டி ஓட்டின பிறகுதான் தெரியும். ஹெட் அளவுக்கு ஒரு பிளைவுட் வெட்டி, விரல் கனத்தில் இரண்டு ரீப்பர் துண்டை இடையில் கொடுத்து, ஹெட் போல்ட் துளைகள் வழியாகவே போல்ட் போட்டு இறுக்குங்கள். டீசல் ஹெட் என்றால் இன்ஜெக்டர்களைக் கழற்றித் தனியாகக் கட்டுங்கள்.

7. கிராங்க் ஷாஃப்ட்தான் இந்த வேலையிலேயே நுணுக்கமானது. பார்க்க உலக்கை மாதிரி இருந்தாலும், இரண்டு முனையில் மட்டும் தாங்கிப் படுக்க வைத்து மேலே இன்னொரு பெட்டி ஏறினால் நடுவில் அழுந்தும். மெயின் ஜர்னல்கள் உட்காரும் இடத்தில் பலகையை அரைவட்டமாகக் குடைந்து, இரு முனையிலும் நடுவிலுமாக மூன்று தாங்கல் கொடுங்கள். குடைந்த பள்ளத்தில் ரப்பர் ஒட்டுங்கள். ஒவ்வொரு ஜர்னலுக்கும் கிரீஸ், பாலித்தீன், துணி. துணி நழுவாமல் மேலே டியூப் துண்டு. எண்ணெய்த் துளைகள் ஒன்றுவிடாமல் மூடியிருக்கிறதா என்று விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். முனையிலுள்ள சின்னக் கீயைக் கழற்றி, சிறு பையில் போட்டு, கிராங்கிலேயே கட்டிவிடுங்கள். பட்டறைத் தரையில் கீ தேடுவது பெரிய பாடு.

8. பிளாக் லேத்துக்குப் போகிறதா? மெயின் பேரிங் கேப்களும் அதன் போல்ட்களும் கூடவே போக வேண்டும். கனெக்டிங் ராடுக்கும் அப்படியே. கேப் ஒவ்வொன்றும் தன் இடத்துக்கென்றே கடைந்தது. கழற்றுமுன் எண் போட்டு, போட்டோ எடுத்து வையுங்கள்.

9. பழைய டயருக்குள் எஞ்சினை உட்கார வைப்பது பட்டறை வழக்கம். சொந்த டாடா ஏஸில் மல்லூர் வரைக்கும் அது ஓடும். பார்சலுக்கு ஆகாது, எடை முழுக்க ஆயில் சம்ப் மேல் இறங்கிவிடும். மவுண்டிங் பிராக்கெட்டுகளை மரச்சட்டத்தோடு போல்ட் போட்டு, சம்ப் தரையில் படாமல் தொங்க விடுங்கள்.

10. டர்போவை அதன் ஆக்சுவேட்டர் கம்பியைப் பிடித்துத் தூக்க வேண்டாம். அவ்வளவுதான்.

11. தெர்மோகோல் கனத்துக்குத் தாங்காது. நொறுங்கி மணிமணியாக எண்ணெய்த் துளைக்குள் போகும். வைக்கோலும் தேங்காய் நார்த் தூளும் அதே கதை. மரக்கட்டை அணைப்பு, பழைய போர்வை, ரப்பர் மேட் போதும். மூடியபின் பெட்டியை ஆட்டிப் பாருங்கள். உள்ளே ஏதாவது நகரும் சத்தம் கேட்டால் திரும்பத் திறக்க வேண்டியதுதான். மூடிக்கு ஆணி அடிக்காமல் ஸ்க்ரூ போடுங்கள். வேலை முடிந்து திரும்பி வரவும் அதே பெட்டி ஆகும்.

12. எடையை மூன்று பக்கமும் பெரிதாக எழுதுங்கள். மேல்பக்கத்துக்கு அம்புக்குறி. கயிறு கட்டிய கைப்பிடி இரண்டு வைத்தால், பிடிக்க இடம் இருப்பதால் தூக்கி எறிய மாட்டார்கள். வடக்கே போகும் பெட்டியில் இந்தியிலும் எழுதி வையுங்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வட மாநிலங்களில் போர் போடப் போய்ப் பல மாதம் அங்கேயே நிற்கும். அவற்றுக்கு உதிரிபாகம் போவதும் இந்த லாரி வழியாகத்தான்.

13. வெளிநாட்டுக்கு அனுப்ப நேர்ந்தால் பச்சை மரப்பெட்டி பல நாடுகளில் துறைமுகத்திலேயே நின்றுவிடும். மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேறியதற்கான முத்திரை வேண்டும்; ஐ.எஸ்.பி.எம். 15 என்று பெயர். முழுக்கப் பிளைவுட்டில் செய்த பெட்டிக்கு இந்த விதி இல்லை.

14. எல்.ஆர். ரசீதில் ‘பழைய இரும்பு’ என்று போட்டு வாடகை மிச்சம் பிடிக்கும் ஆசாமிகள் இந்த இடத்தைக் கவனியுங்கள். 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் அதன் 2011 விதிகளும் சொல்வது இது: அதிக மதிப்பை எழுதிக் கொடுத்து, அதற்கான கட்டணமும் கட்டாவிட்டால், லாரி ஆபீஸின் பொறுப்பு வாடகையைப் போல் பத்து மடங்கோடு முடிந்தது. 400 ரூபாய் வாடகை என்றால் 4,000 ரூபாய்தான். அந்தக் காசுக்கு எந்தக் கிராங்க் வரும்? உண்மைப் பெயரும் உண்மை மதிப்பும் எழுதி, டிரான்ஸிட் இன்சூரன்ஸும் கேட்டு வாங்குங்கள்.

15. சரக்கின் மதிப்பு வெளி மாநிலத்துக்கு 50,000 ரூபாயும், தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சமும் தாண்டினால் இ-வே பில் தேவை. முழு எஞ்சின் போகிறதென்றால் ஆர்.சி. நகல் ஒன்றைக் கூடவே வையுங்கள். எஞ்சின் எண்ணைப் பார்த்துத் திருட்டு வண்டியோ என்று சந்தேகப்பட இடம் வராது.

16. பெறுகிறவரிடம் போனிலேயே சொல்லி வையுங்கள்: கையெழுத்துப் போடுமுன் மூலைகளைப் பார்க்க வேண்டும். நசுங்கியிருந்தால் போட்டோ எடுத்து, டெலிவரி ரசீதிலேயே அதை எழுதிய பிறகுதான் கையெழுத்து. நஷ்டம் கேட்டு வழக்குப் போவதானால், அதற்கு முன் லாரி ஆபீஸுக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும்; புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாள்தான் கெடு. பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல.