நாற்காலியைப் பார்த்தோம், ஆளைப் பார்க்கவில்லை

தொண்டர் பயிற்சிப் பாடம்



இந்த மாதப் பாடம் தானம். "கொடுத்தா புண்ணியம், அவ்வளவுதானே! இதுல படிக்க என்ன இருக்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நாங்கள் கொடுத்த ஒரு சக்கர நாற்காலிதான் எனக்கு வேறு மாதிரி பாடம் நடத்தியது. நாங்கள் செய்த தப்பை மறைக்காமல் எழுதுகிறேன். நீங்கள் அதையே திரும்பச் செய்யாமல் இருந்தால் போதும்.

நடந்தது என்ன?

எங்கள் கிளை ஒரு வருடம் பழைய சக்கர நாற்காலிகளையும் ஊன்றுகோல்களையும் சேகரித்தது. தாத்தா பாட்டி தவறிப்போன வீடுகளில் இப்படிப்பட்ட சாமான்கள் ஸ்டோரில் சும்மா கிடக்கும். அவற்றை வாங்கி வந்து, கழுவி, எண்ணெய் போட்டு, துரு பிடித்த இடத்தில் சாயம் அடித்தோம். கோயில் மண்டபத்தில் நிகழ்ச்சி, பின்னால் பெரிய பேனர். ஒவ்வொருவராக மேடைக்கு அழைத்துக் கொடுத்தோம், படம் எடுத்துக்கொண்டோம்.

வாங்கியவர்களில் ஓர் அண்ணன். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். லாரி ஓட்டியவர். இனிப்புநீர் வியாதியால் வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மனைவி துப்புரவு வேலை செய்கிறார். மலிவு விலை அடுக்குமாடி வீடு. மேடையில் நாற்காலியை வாங்கியபோது அவர் கை கூப்பினார். எங்களுக்கு மனசு நிறைந்துவிட்டது.

எட்டு மாதம் கழித்து, தீபாவளிக்கு முன் அரிசி பருப்புப் பொட்டலம் கொடுக்க அதே வீட்டுக்குப் போனேன். அண்ணன் ஹாலில் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

"நாற்காலி எப்படிண்ணே, வசதியா இருக்கா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "நல்லாதான் இருக்கு தம்பி. ஆனா டாய்லெட் கதவுக்குள்ள நுழையாது. கீழ லிஃப்ட்ட விட்டு வெளிய வந்தா மூணு படி, அங்கயும் போகாது. இது சக்கர நாற்காலி இல்ல தம்பி, வெறும் நாற்காலி."

அக்கா அடுப்படியிலிருந்து வந்து நின்றார். ஒரு நாளைக்கு எத்தனை முறை அவரை அக்குளைப் பிடித்துத் தூக்கி டாய்லெட்டுக்குக் கூட்டிப் போகிறார் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. இடுப்பில் ஒட்டியிருந்த வலி பிளாஸ்டரைத் தொட்டுக் காட்டினார்.

அடுத்த வாரம் எங்கள் கிளையில் பிசியோதெரபி வேலை பார்க்கும் தங்கை ஒருவரை அழைத்துப் போனேன். அவர் நாற்காலியைப் பார்க்கவே இல்லை. நேராக அண்ணன் முன்னால் தரையில் உட்கார்ந்து, "முட்டிய நீட்டுங்கண்ணே" என்றார். முட்டி பாதிதான் நீண்டது.

வெளியே வந்ததும் விளக்கினார். முட்டிக்குக் கீழே கால் எடுத்தவர்கள் மீதிக் காலை மடக்கித் தொங்கவிட்டே உட்காரக்கூடாது. அப்படியே மாதக்கணக்கில் இருந்தால் முட்டி மடங்கிய நிலையிலேயே இறுகிப்போகும். இறுகிய முட்டிக்குச் செயற்கைக் கால் பொருத்துவது மிகவும் சிரமம். அதனால்தான் அப்படிப்பட்டவர்களின் நாற்காலியில் மீதிக் காலை நீட்டி வைக்க ஒரு பலகை வேண்டும். நாங்கள் கொடுத்ததில் அது இல்லை. அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அடுத்த தேதியும் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் கீழே அந்த மூன்று படியைத் தாண்ட வழியில்லாமல் இரண்டு முறை போகவில்லை. பிறகு அப்படியே விட்டுவிட்டார். செயற்கைக் கால் போட்டு மறுபடி வேலைக்குப் போகலாம் என்று இருந்தவர், எட்டு மாதம் எங்கள் நாற்காலியில் முட்டியை மடக்கி உட்கார்ந்திருந்தார்.

அன்று இரவு அந்த மேடைப் படத்தை எடுத்துப் பார்த்தேன். நாங்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

இது யாருடைய பிரச்சினை?

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் உண்டு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். காலில் புண், கால் இழப்பு, பக்கவாதம் எல்லாம் இதைத் தொடர்ந்து வரக்கூடியவை. நம் தாமானில், நம் கோயில் வரிசையில் நிற்கும் குடும்பங்களின் பிரச்சினை இது.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 2022-ல் வெளியிட்ட அறிக்கை, உலகில் 250 கோடிக்கும் மேற்பட்டோருக்கு ஏதாவது ஒரு துணைக் கருவி தேவை என்கிறது. மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி எல்லாம் இதில் அடக்கம். ஏறக்குறைய 100 கோடிப் பேருக்கு அது கிடைப்பதில்லை. ஆகவே கருவி சேகரித்துக் கொடுப்பது தேவையான தொண்டுதான். எப்படிக் கொடுக்கிறோம் என்பதில்தான் நாங்கள் தவறினோம்.

நம் சமயம் என்ன சொல்கிறது?

பகவத் கீதையின் 17-ஆம் அத்தியாயம் தானத்தை மூன்றாகப் பிரிக்கிறது. கைம்மாறு எதிர்பாராமல், உரிய இடத்தில், உரிய காலத்தில், உரியவருக்குக் கொடுப்பது சாத்விகம். பலனை எதிர்பார்த்துக் கொடுப்பது ராஜசம். இடம், காலம், ஆள் பார்க்காமல், மரியாதை இல்லாமல் கொடுப்பது தாமசம்.

எங்கள் தானம் இதில் எது? மரியாதைக் குறைவாக நாங்கள் நடக்கவில்லை. ஆனால் ஆளைப் பார்த்தோமா? அவர் வீட்டைப் பார்த்தோமா? இல்லை. பேனருக்கும் படத்துக்கும் ஆசைப்பட்டோமா? ஆமாம். பதிலை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

பெரியபுராணத்தில் தண்டியடிகள் நாயனார் வரலாறு எல்லாருக்கும் தெரியும். அறுபத்து மூவரில் ஒருவர். கண் பார்வை இல்லாதவர். திருவாரூர்க் குளத்தை ஆழமாக்கி விரிவாக்க ஆசைப்பட்டார். குளத்துக்குள் ஒரு தறி நட்டார், கரையில் ஒரு தறி நட்டார், இரண்டுக்கும் நடுவே கயிறு கட்டினார். கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கி மண்ணை வெட்டினார், கூடையைச் சுமந்துகொண்டு தடவியபடியே கரைக்கு ஏறினார். அவரை ஏளனம் செய்தவர்கள் மண்வெட்டியையும் கூடையையும் பறித்தார்கள், தறியையும் கயிற்றையும் பிடுங்கினார்கள். கடைசியில் இறைவன் அருளால் பார்வை பெற்றார்.

வகுப்பில் நாம் பெரும்பாலும் பார்வை கிடைத்த அதிசயத்தைத்தான் சொல்வோம். இம்முறை அந்தக் கயிற்றைக் கவனியுங்கள். தம் கைக்கும், தம் வேலைக்கும், அந்தக் குளத்துக்கும் ஏற்றபடி அவரே செய்துகொண்ட துணைக் கருவி அது. அது இருந்தவரை அவர் யாரையும் எதிர்பார்க்கவில்லை. அதைப் பிடுங்கியது அவருடைய தொண்டையே பிடுங்கியதற்குச் சமம். பொருந்தாத கருவியைக் கொடுத்துவிட்டு "கொடுத்தாச்சு" என்று திரும்பி வருவதும் ஏறக்குறைய அதே மாதிரிதான். கயிறு இருக்கும், ஆனால் அவர் போக வேண்டிய இடத்துக்குப் போகாது.

கொடுக்கும் முன் ஐந்து கேள்விகள்

உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட சக்கர நாற்காலி வழிகாட்டி எட்டுப் படிகளைச் சொல்கிறது: ஆளைக் கண்டறிதல், மதிப்பீடு, எது தேவை என்று முடிவு செய்தல், பணம் மற்றும் ஆர்டர், கருவியைத் தயார் செய்தல், உடம்புக்குப் பொருத்துதல், பழக்கிவிடுதல், பிறகு வந்து பார்த்தல். நாங்கள் செய்தது ஐந்தாவது படி மட்டும்! இப்போது எங்கள் கிளை இந்த ஐந்து கேள்விகளைக் கேட்கிறது.

1. யாருக்கு? அவருக்கு என்ன உடல்நிலை, பகலில் எங்கே போக வேண்டும், என்ன வேலை செய்ய ஆசைப்படுகிறார் என்று அவரிடமே கேளுங்கள். பக்கத்தில் நிற்கும் மனைவியிடமோ மகனிடமோ கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். முதுகெலும்பு அடிபட்டு உணர்ச்சி இல்லாதவர்களுக்கு மெத்தை இல்லாமல் நாற்காலி கொடுக்கவே கூடாது. படுக்கைப் புண் வரும், அது உயிருக்கே ஆபத்து. கால் எடுத்தவர்களுக்கு உடம்பின் எடை பின்பக்கம் சாயும். நாற்காலி பின்னால் கவிழாமல் இருக்கச் சின்னத் தடுப்புச் சக்கரம் வேண்டியிருக்கும். இதை எல்லாம் முடிவு செய்ய நாம் நிபுணர் இல்லை. ஒரு பிசியோ அல்லது தொழில்வழிச் சிகிச்சையாளர் கூட வர வேண்டும்.

2. என்ன அளவு? உட்கார்ந்தால் இடுப்பின் இரு பக்கமும் ஒரு விரல் இடம் போதும். முட்டியின் பின்பக்கத்துக்கும் இருக்கை விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். பாதம் மிதிபலகையில் நன்றாகப் பதிய வேண்டும், தொடை இருக்கையில் சமமாகப் படிய வேண்டும். வாக்கர், கைத்தடி என்றால் நின்று கையைத் தொங்கவிடும்போது பிடி மணிக்கட்டு ரேகைக்கு நேராக இருக்கட்டும். கைத்தடியைப் பலவீனமான காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். அக்குள் ஊன்றுகோல் அக்குளுக்கு இரண்டு மூன்று விரல் கீழே நிற்கட்டும். எடையைக் கைதான் தாங்க வேண்டும். அக்குளில் சாய்ந்தால் நரம்பு பாதிக்கும்.

3. வீடு எப்படி? டேப் எடுத்துப் போங்கள். வாசல், அறை, டாய்லெட் என ஒவ்வொரு கதவையும் அளந்து, நாற்காலியின் முழு அகலத்தோடு ஒப்பிடுங்கள். இருக்கை அகலம் வேறு, சக்கரத்தோடு சேர்ந்த அகலம் வேறு. படி இருந்தால் சரிவுப் பாதைக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது கணக்கு. ஆறு அங்குலப் படி மூன்று என்றால் உயரம் 18 அங்குலம், சரிவு 18 அடி நீளம் வேண்டும். நாங்கள் முதலில் ஒரு பலகையைப் போட்டுவிடலாம் என்று நினைத்தோம். கணக்குப் போட்ட பிறகுதான் அது எவ்வளவு ஆபத்து என்று புரிந்தது.

4. கருவி நல்லதா? பிரேக் பிடிக்கிறதா, சட்டத்தில் விரிசல் உண்டா, இருக்கைத் துணி தொய்ந்துவிட்டதா, முன் சக்கரம் ஆடுகிறதா, மிதிபலகை இரண்டும் உண்டா? ஊன்றுகோலின் ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். ஈரமான தரையில் அந்தத் தேய்ந்த ரப்பர் ஒன்றே விழ வைத்துவிடும்.

5. பிறகு யார் போய்ப் பார்ப்பது? பிரேக் போட்டு இறங்குவது, ஏறுவது, உடம்பை அரை மணிக்கு ஒருமுறையாவது தூக்கி அல்லது சாய்த்து அழுத்தம் குறைப்பது எல்லாவற்றையும் அவருக்கும் வீட்டாருக்கும் பழக்க வேண்டும். ஒரு மாதத்தில் ஒரு முறை, ஆறு மாதத்தில் ஒரு முறை திரும்பப் போக வேண்டும். போகும் ஆள் யார் என்று கொடுக்கும் அன்றே பெயர் எழுதிவிடுங்கள்.

தானமா, உரிமையா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உடற்பேறு குறைந்தவர்களுக்கென்று இந்நாட்டில் 2008-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மருத்துவர் உறுதி செய்த பாரத்தோடு சமூகநல இலாகாவில் பதிந்தால் ஓகேயூ அட்டை கிடைக்கும். செயற்கை உறுப்பும் துணைக் கருவியும் வாங்க வசதியில்லாதவர்கள் அந்த இலாகாவில் உதவிக்கு விண்ணப்பிக்கலாம். வேலை செய்து சொக்சோ சந்தா கட்டியிருந்தால், தகுதியைப் பொறுத்து அங்கேயும் மறுவாழ்வுச் சிகிச்சைக்கும் கருவிக்கும் வழி உண்டு. நமது அண்ணன் இத்தனை வருஷம் லாரி ஓட்டியவர், ஆனால் சொக்சோவை யாரும் அவரிடம் நினைவூட்டவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பாரம் நிரப்பத் தெரிந்த, மலாய் சரளமாகப் பேசுகிற, கார் ஓட்டுகிற இளைஞன் ஒருவன் அரை நாள் கூடப் போவது சில சமயம் ஒரு நாற்காலியை விடப் பெரிய தானம். உரிமையாகக் கிடைக்க வேண்டியதை நாம் தர்மமாகக் கொடுத்து அடைத்துவிடக் கூடாது.

மேடையும் வேண்டாம். கருவியை வீட்டிலேயே கொண்டுபோய்ப் பொருத்திக் கொடுங்கள். கேட்காமல் நாற்காலியைத் தள்ளாதீர்கள், அது அவருடைய கால் மாதிரி. பேசும்போது நீங்களும் உட்கார்ந்து பேசுங்கள்.

அண்ணன் இப்போது

கதவுக்குள் நுழையும் சிறிய கமோட் நாற்காலி ஒன்று கிடைத்தது. அக்கா இப்போது அவரைத் தூக்குவதில்லை. பெரிய நாற்காலிக்குக் காலை நீட்டி வைக்கும் பலகையைப் பிசியோ தங்கையின் சொல்படி பொருத்தினோம். சிகிச்சை நாளில் இரண்டு பேர் போய் அவரைக் கீழே இறக்குகிறோம். சரிவுப் பாதைக்கு அடுக்குமாடி நிர்வாகத்திடம் மனு கொடுத்திருக்கிறோம், இன்னும் கட்டவில்லை. முட்டி முன்பைவிட நீள்கிறது, முழுதாக நீளவில்லை. செயற்கைக் கால் எப்போது என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. போன எட்டு மாதத்தை நாங்கள் திருப்பிக் கொடுக்க முடியாது.

ஆனால் ஒன்று நடந்தது. வருகிற பழைய நாற்காலிகளைச் சோதித்துப் பார்ப்பது இப்போது அவர்தான். லாரிக்காரர் ஆயிற்றே, சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சத்தத்தைக் கேட்டே "பேரிங் போச்சு, மாத்து" என்பார். போன வாரம் ஒரு நாற்காலியை நான் வண்டியில் ஏற்றப் போனேன். "இருப்பா, யாருக்குக் கொடுக்கப் போற? அவங்க வீட்டுக் கதவ அளந்தியா?" என்றார். அளக்கவில்லை. இறக்கி வைத்துவிட்டு டேப்பை எடுத்துக்கொண்டு போனேன்.

கலந்துரையாட

1. கீதை சொல்லும் மூவகைத் தானத்தில், உங்கள் கிளை கடைசியாகச் செய்த தானம் எது? ஏன்?

2. தண்டியடிகளின் கயிறு போல, உங்கள் தாமானில் ஒருவர் தாமாக நடமாட என்ன தேவைப்படுகிறது? அவரிடமே கேட்டு வந்து சொல்லுங்கள்.

3. உங்கள் கோயிலுக்குள் சக்கர நாற்காலியில் ஒருவர் யார் உதவியும் இல்லாமல் வர முடியுமா? வாசல் படியையும் கதவையும் கழிவறையையும் அளந்து, அடுத்த கூட்டத்தில் ஆலய நிர்வாகத்திடம் கொடுங்கள்.