சூதாட்டத்தில் காட்டும் பொறுமை ஸப்ர் ஆகுமா?

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!

அன்பிற்குரிய சகோதரர்களே! ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையுள்ள தொழிற்சாலைகளில் வேலை செய்யும் நம் வாலிபர்களில் பலர் ஊரை விட்டு வந்து அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள். நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் கையில் செல்போன். அதில் ஒரு பெண் மேஜை முன் நின்று நேரலையில் சீட்டுப் போடுகிறாள். 'லைவ் பக்காரா' என்கிறார்கள். "அவசரப்படாதே, முறையாக ஆடு, பொறுமையாக இருந்தால் ஜெயிக்கலாம்" என்று சொல்லித் தருகிறார்கள். பொறுமை என்பது நம் மார்க்கத்தின் சொல். அந்தச் சொல் இந்த இடத்தில் பொருந்துமா என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

ஆட்டத்தின் கணக்கு

பக்காராவில் 'பிளேயர்', 'பேங்கர்' என்று இரண்டு பக்கம். எந்தப் பக்கத்தின் கூட்டு 9-க்கு அருகில் வருகிறதோ அது ஜெயிக்கும். மூன்றாவது சீட்டு எப்போது போட வேண்டும் என்பதும் விதியில் எழுதப்பட்டுவிட்டது. ஆடுபவர் பணத்தை எந்தப் பக்கம் வைப்பது என்று சொல்வதோடு சரி. அதன் பிறகு அவருடைய திறமைக்கு அங்கே எந்த வேலையும் இல்லை.

பிளேயர் பக்கம் வைக்கும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் நடத்துபவருக்குச் சராசரியாக ஒரு ரூபாய் 24 காசு போய்ச் சேரும். பேங்கர் பக்கம் வைத்தால் ஒரு ரூபாய் 6 காசு. இரண்டும் சமமாக வரும் 'டை' மீது வைத்தால் 14 ரூபாய்க்கு மேல். ஒரு மணி நேரத்தில் 60 ஆட்டம் ஆடினால் இந்தக் காசு எப்படிப் பெருகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

தோற்றால் இரட்டிப்பாக வை, ஒரு தடவை ஜெயித்தால் விட்டதெல்லாம் வந்துவிடும் என்பது அவர்கள் சொல்லும் பெரிய உத்தி. 100, 200, 400 என்று போய் ஏழாவது தடவையும் தோற்றால் கையை விட்டுப் போனது 12,700 ரூபாய். இப்படித் தொடர்ந்து ஏழு தடவை தோற்பது ஏறக்குறைய 116 முயற்சிக்கு ஒரு முறை நடக்கும். மீதி 115 முயற்சியில் தலா 100 ரூபாய் வந்தால் 11,500 ரூபாய். பொறுமையாக ஆடினாலும் முடிவு நஷ்டம்தான்.

குர்ஆன் என்ன சொல்கிறது?

அறியாமைக் கால அரபிகள் ஒட்டகத்தை அறுத்து, அம்புகளைக் குலுக்கிப் பங்கு போட்டார்கள். ஜெயித்த இறைச்சியை ஏழைகளுக்கும் கொடுத்தார்கள். அதில் சிறிது பயன் இருந்தாலும் பாவமே பெரிது என்று அல்லாஹ் அறிவித்தான் (2:219). பின்னர் அது ஷைத்தானின் அருவருப்பான செயல் என்றும், பகைமையை மூட்டி அல்லாஹ்வின் நினைவையும் தொழுகையையும் விட்டுத் தடுக்கிறது என்றும் கூறி முற்றிலும் தடுத்தான் (5:90, 91). "வா, சூதாடலாம்" என்று தோழரை அழைத்தவர் கூட தர்மம் செய்யட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் ஏவினார்கள் (புகாரி, முஸ்லிம்). அழைப்புக்கே இந்த நிலை என்றால் ஆடுவது எப்படி?

இன்னொரு வசனத்தைக் கவனியுங்கள். பிறர் பொருளைத் தவறான வழியில் உண்ணாதீர்கள் என்று தடுக்கும் அதே வசனத்தில், உங்களை நீங்களே கொன்று கொள்ளாதீர்கள் என்றும் அல்லாஹ் தடுக்கிறான் (4:29). இணையச் சூதாட்டக் கடனால் உயிரை மாய்த்துக் கொண்டவர்களின் செய்திகளை நம் தமிழ்நாடு தொடர்ந்து பார்த்தது. அதன் பிறகே மாநில அரசு 2022-ல் தடைச் சட்டம் கொண்டு வந்தது. 2023 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் இயற்றியது. சட்டம் இல்லாவிட்டாலும் ஹராம் ஹராம்தான்.

உண்மையான ஸப்ர்

ஸப்ரை அறிஞர்கள் மூன்றாகப் பிரித்தார்கள்: வணக்கத்தில் நிலைத்திருப்பது, பாவத்தை விட்டுத் தன்னைத் தடுத்துக் கொள்வது, சோதனையில் தளராமல் இருப்பது. ஷிப்ட் முடிந்த களைப்பிலும் ஃபஜ்ரைத் தொழுவது முதலாவது. விளம்பரம் வரும்போது விரலைத் தடுப்பது இரண்டாவது. விட்ட பணம் விட்டதுதான் என்று ஏற்று, அதை மீட்க மறுபடியும் ஆடாமல் இருப்பது மூன்றாவது. மூன்றாவதுதான் மிகவும் கடினம். "இன்னும் ஒரே ஆட்டம்" என்று ஷைத்தான் ஊசலாட்டம் போடுவது அங்கேதான்.

சிக்கிக் கொண்டவருக்கு

சகோதரரே, அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள். இன்றே அந்தச் செயலியை நீக்குங்கள். செய்ததற்காக வருந்துங்கள், இனி திரும்புவதில்லை என்று உறுதி கொள்ளுங்கள்; இதுவே தவ்பா. சம்பளக் கணக்கைச் சில மாதங்கள் தாயோ மனைவியோ பார்த்துக் கொள்ளட்டும். கடனை மறைக்காமல் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். ஜகாத் பெறும் எட்டு வகையினரில் கடனாளியும் ஒருவர் (9:60). பாவத்தால் பட்ட கடனாக இருந்தாலும், தவ்பா செய்தவருக்கு உதவலாம் என்று ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர்கள் கூறியுள்ளார்கள். ஜமாஅத் நிர்வாகிகளே, இப்படி ஒருவர் வந்தால் ஏசி அனுப்பி விடாதீர்கள். வாழ்க்கையே வெறுத்துவிட்டது என்று யாராவது சொன்னால் அவரைத் தனியே விடாமல், 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணுக்கு உடனே பேச வையுங்கள்.

தாவூத் நபி (அலை) அவர்கள் தம் கையால் உழைத்தே உண்டார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சிறப்பித்துச் சொன்னார்கள் (புகாரி). அசெம்பிளி லைனில் எட்டு மணி நேரம் நின்று நீங்கள் வாங்கும் சம்பளம் அந்த வரிசையைச் சேர்ந்தது. அதைக் கொண்டு போய் சூதில் போடாதீர்கள்.

யா அல்லாஹ்! எங்கள் வாலிபர்களைச் சூதின் தீங்கிலிருந்து காப்பாயாக! கடனில் இருப்பவர்களின் கடனை நிறைவேற்றித் தருவாயாக! ஹலாலான சம்பாத்தியத்தில் எங்களுக்குப் பரக்கத் செய்வாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.