சுழல்நிதி சுழல்கிறதா?



நம்மில் பலர் வீட்டில் அம்மா ஏதாவது ஒரு மகளிர் சுயஉதவிக் குழுவில் இருப்பார். மாதம் சேமிப்பு கட்டணும், கூட்டத்துக்குப் போகணும், பீரோவுக்குள் ஒரு பாஸ் புத்தகம்... நமக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அந்தக் குழுவுக்கு அரசு ஏன் பணம் தருகிறது? அது எப்படி வருகிறது? அதனால் ஓர் ஏழைக் குடும்பம் நிஜமாகவே ஒரு படி மேலே ஏறுகிறதா? இதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

தோன்றிய கதை

தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-ல் தொடங்கப்பட்டது. 1989-ல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தர்மபுரி மாவட்டத்தில் முதல் குழுக்கள் உருவாயின. 1992-ல் நபார்டு வங்கி, குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தை 500 குழுக்களை இலக்காக வைத்துத் தொடங்கியது. 1997-98-ல் 'மகளிர் திட்டம்' வந்தது. 2011-ல் மத்திய அரசின் தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் பிறந்தது. இதன் செலவில் நூற்றுக்கு 60 ரூபாய் மத்திய அரசுடையது, 40 ரூபாய் மாநில அரசுடையது.

பணம் வரும் மூன்று வழிகள்

1. சுழல்நிதி: குழுவுக்கே நேராக வருவது. ஆரம்பத்தில் 10,000 முதல் 15,000 ரூபாய் என்றிருந்தது, பிறகு உயர்த்தப்பட்டது. சும்மா கேட்டால் கிடைக்காது. தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன், தவணை தவறாமல் திருப்பிக் கட்டுதல், சரியான கணக்கு ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும். இதற்குப் பஞ்சசூத்திரம் என்று பெயர்.

2. சமுதாய முதலீட்டு நிதி: இது ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக்கு வருகிறது. கூட்டமைப்பு குழுவுக்குக் கடன் தரும். குழு உறுப்பினருக்குத் தரும். திரும்பி வரும் பணம் அரசுக்குப் போகாது. கூட்டமைப்பிலேயே இருந்து அடுத்த குழுவுக்குப் போகும்.

3. வங்கிக் கடன்: குழுவைத் தரம் பார்த்து வங்கி தருவது. 10 லட்சம் ரூபாய் வரை அடமானம் கேட்கக் கூடாது, குழுவின் சேமிப்புக் கணக்கையும் முடக்கி வைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆனால் எங்க அம்மா குழு கடன் கேட்டுப் போனபோது, "சேமிப்புல கை வைக்காதீங்க, அது அப்படியே கிடக்கட்டும்" என்று ஒரு வங்கிக் கிளையில் சொல்லிவிட்டார்கள். விதியை எடுத்துக்காட்டிக் கடிதம் எழுதிய பிறகுதான் வழி பிறந்தது. விதி தெரியாத குழுவின் கதி என்ன?

ஒரு சின்னக் கணக்கு

"இந்தப் பத்தாயிரம், பதினைந்தாயிரத்தை வைத்து என்னடா ஆகும்?" என்று விடுதி நண்பன் ஒருவன் கேட்டான். கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பார்ப்போம்.

12 பேர் கொண்ட குழு. ஆளுக்கு மாதம் 200 ரூபாய் சேமித்தால் ஆண்டுக்கு 28,800. சுழல்நிதி 15,000 சேர்ந்தால் 43,800 ரூபாய். இதிலிருந்து ஒரு உறுப்பினர் 12,000 ரூபாயை ஒரு வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய்க்கு, வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,000 அசலைக் கட்டி, மீதிக்கு மட்டும் வட்டி கட்டினால் ஓராண்டு மொத்த வட்டி 780 ரூபாய். கடனும் தீர்ந்தது!

அதே 12,000-ஐ வெளியில் ஐந்து வட்டிக்கு வாங்கினால்? மாதம் 600 வீதம் ஆண்டுக்கு 7,200 ரூபாய் வட்டி. அசல் 12,000 அப்படியே நிற்கும்! தமிழ்நாட்டில் அதிக வட்டித் தடைச் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது. ஆனாலும் அவசரத்துக்குக் கைகொடுக்க வேறு இடம் இருந்தால்தானே கந்துவட்டிக்காரர் வாசலை மிதிக்காமல் இருக்க முடியும்?

இன்னொன்றையும் கவனியுங்கள். குழுவில் கட்டிய 780 ரூபாய் குழுவின் பொதுநிதிக்கே வருகிறது. சுழல்நிதியின் சூட்சுமம் இதுதான். ஒருவர் கட்டாமல் விட்டால் சக்கரம் அங்கேயே நின்றுவிடும். அடுத்த பெண்ணுக்குக் கடன் இல்லை.

கடன் மட்டும் போதுமா?

போதாது என்பதே என் கருத்து. இந்தியா உள்பட ஆறு நாடுகளில் சிறுகடன் பற்றி நடந்த ஆய்வுகள் 2015-ல் வெளியாயின. அவை குழுவின் சொந்தச் சேமிப்பைப் பற்றியவை அல்ல, சிறுகடன் நிறுவனங்கள் தரும் கடன் பற்றியவை. கடனால் ஓரளவு நன்மை உண்டு, ஆனால் குடும்ப வருமானம் தலைகீழாக மாறிவிடவில்லை என்றே அவை காட்டின.

அதே 2015-ல் மேற்கு வங்கம் உள்பட ஆறு நாட்டு இடங்களில் நடந்த இன்னொரு ஆய்வும் வெளியானது. அதில் பரம ஏழைக் குடும்பங்களுக்கு ஆடு, மாடு போன்ற சொத்து, அதை வளர்க்கப் பயிற்சி, சில மாதச் சாப்பாட்டுச் செலவு, சேமிக்க வழி, அடிக்கடி வந்து பார்த்து ஆலோசனை சொல்ல ஓர் ஆள் என்று எல்லாம் சேர்த்துக் கொடுத்தார்கள். திட்டம் முடிந்து ஓராண்டு கழித்தும் அந்தக் குடும்பங்கள் முன்னைவிட நன்றாக இருந்தன. ஹோண்டுராஸ் நாட்டில் மட்டும் கொடுத்த கோழிகள் நோயில் செத்துப்போனதால் சொத்து நிலைக்கவில்லை.

ஆக, பணத்தோடு தொழிலறிவும் கூடவே ஒரு துணையும் வேண்டும். இதற்கும் வழி உண்டு. வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் பயிற்சி இலவசம். 2014-ல் தொடங்கிய தீனதயாள் உபாத்யாய கிராமின் கௌசல்யா யோஜனா கிராமத்து ஏழை இளைஞர்களுக்கு வேலையோடு இணைந்த பயிற்சி தருவதற்கென வந்த திட்டம்.

நாம் செய்யக்கூடியது

* வீட்டுக்குப் போனதும் அம்மாவின் பாஸ் புத்தகத்தையும் குழுவின் கடன் பேரேட்டையும் ஒத்துப் பாருங்கள்.
* வட்டி மீதி அசலுக்குப் போடப்படுகிறதா, முழு அசலுக்குமா என்று கேளுங்கள். 12,000-க்கு 780 ஆவதும் 1,440 ஆவதும் இதில்தான்.
* ஊக்குநர் ஒருவரே எல்லாப் புத்தகத்தையும் எழுதினால், மற்ற உறுப்பினர்களுக்கும் எழுதக் கற்றுக்கொடுங்கள்.
* குழு தையல் மிஷினோ மாவு அரைக்கும் மிஷினோ வாங்கினால் மோட்டாரின் திறனையும் மின் இணைப்பையும் பார்த்துச் சொல்லுங்கள். படித்த படிப்பு வேறு எதற்கு?

என் முதலாண்டுக் கட்டணமும் ஒரு குழுக் கடன்தான். அதை அம்மா தவணை தவறாமல் கட்டியதால், அதே பணம் அடுத்த வீட்டு அக்காவுக்குத் தையல் மிஷினாகப் போனது. அரசு கொடுத்தது முதல் தள்ளு மட்டுமே. சக்கரத்தை ஓட வைப்பது நம் கையில்தான் இருக்கிறது, தோழர்களே!