நாய்க்கு இடும் உணவு

இல்லங் காக்கும் நாய்க்குச் சோறும் இறைச்சியும் அமையுமென்பர் பலர். நாம் ஆராயுமிடத்து அது பொருந்தாது. இறைச்சியில் பாஸ்பரஸ் மிகுதி. சுண்ணாம்புச் சத்தோ மிகக் குறைவு. இக்குறை நீடிப்பின், உடல் தன் எலும்பினின்றே அச்சத்தைக் கவரும். வளருங் குட்டியின் எலும்பு மெலிந்து முறியும். ஆதலின், வளர்ந்த நாயின் உணவில் சுண்ணாம்புச் சத்து பாஸ்பரஸின் அளவிற்குக் குறையாமலும், அதன் இருமடங்கிற்கு மிகாமலும் இருத்தல் வேண்டும். கொதிநீரிலிட்டு உலர்த்தி மாவாக அரைத்த முட்டையோடு இதற்கு உதவும். அதன் 1 கிராமில் ஏறக்குறைய 0.4 கிராம் சுண்ணாம்புச் சத்துண்டு. வெங்காயமும் பூண்டும் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெந்த எலும்பு பிளந்து குடலைக் கிழிக்கும். இவற்றை விலக்குக. ஏனைய சத்துக்களின் அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டறிக. வாயில்லாப் பிராணி தன் குறையை உரையாது; அறிந்து ஊட்டுதல் நம் கடனன்றோ?