சத்தமுள்ள வீட்டிலிருந்து கதை சொல்லும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

நீ அனுப்பிய கதைகளை முதலில் ஹெட்போனில் கேட்டேன். பிறகு படத்தோடு பார்த்தேன். மதுரையில் தெருவைப் பார்த்த முன்னறை, தலைக்கு மேல் ஃபேன், பக்கத்து வீட்டு போர் மோட்டார், அடுப்படியில் குக்கர் என்று எழுதியிருக்கிறாய். “இதெல்லாம் விழாத மைக் எது அண்ணா?” என்றும் கேட்டிருக்கிறாய். மைக்குக்கு வருகிறேன். அதற்கு முன்னால் உன் குரலைப் பற்றிப் பேச வேண்டும்.

கிழவி ராஜகுமாரியிடம் காதோடு காதாக ரகசியம் சொல்லும் இடத்தை மறுபடி போட்டுக் கேள். அங்கே நீ ரகசியம் பேசவில்லை. எதிர்ச்சாரியில் நிற்கும் ஆளைக் கூப்பிடுகிற குரலில் பேசுகிறாய். கொஞ்ச நேரத்தில் மோட்டார் நிற்கிறது. உடனே உன் குரல் தானாகத் தணிகிறது, சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடைக்கிறது, கிழவி கிழவியாகிறாள். இது நீ நினைத்துச் செய்ததில்லை. சுற்றிலும் சத்தம் ஏறினால் மனிதக் குரலும் தன்னையறியாமல் ஏறும். பிரான்ஸைச் சேர்ந்த எத்தியென் லொம்பார் என்ற காது, மூக்கு, தொண்டை மருத்துவர் இதைக் கவனித்து 1911-ல் எழுதினார். இன்றும் அவர் பெயரைச் சொல்லியே இதைக் குறிப்பிடுகிறார்கள். குரல் உரப்பதோடு போகாது. ஸ்தாயி உயரும், உயிரெழுத்துகள் நீளும், கதையின் நெளிவு சுளிவெல்லாம் தட்டையாகும். வீட்டுச் சத்தம் மைக்கில் விழுவதற்கு முன்பே உன் தொண்டையில் விழுந்துவிடுகிறது. பதிவில் கேட்கிற ஃபேன் இரைச்சலைப் பிறகு ஓரளவு எடுத்துவிடலாம். கத்திச் சொன்ன ரகசியத்தை எந்த சாஃப்ட்வேராலும் தணிக்க முடியாது. அதனால்தான் கீழே எழுதுகிற எல்லா ஏற்பாட்டையும், நீ தணிந்த குரலில் பேசத் துணிவதற்கான ஏற்பாடாகவே எடுத்துக்கொள்.

முதல் வேலை, காதை முழுக்க மூடுகிற ஹெட்போன். உன் குரலே உனக்குக் கொஞ்சம் தூக்கலாகக் கேட்கும்படி வைத்துக்கொண்டு ஒரு பத்தி பேசிப் பார். தங்கள் குரல் நன்றாகக் காதில் விழுந்தால் மனிதர்கள் தாமாகவே குரலைத் தாழ்த்துவார்கள். ப்ளூடூத் வேண்டாம், குரல் தாமதித்து வந்து நாக்கைத் தடுமாற வைக்கும். வயர் உள்ளதே நல்லது. படம் எடுக்கும்போது ஹெட்போன் தெரியக் கூடாதென்றால், கேமராவுக்கு மறுபக்கக் காதில் ஒற்றை இயர்போனைச் செருகி முடியால் மறைத்துக்கொள்.

இப்போது மைக். சத்தம் விழாத மைக் என்று ஒன்றுமே கிடையாது. கண்டன்சர் எல்லாவற்றையும் இழுக்கும், டைனமிக் இழுக்காது என்று கடையில் சொல்வார்கள். உண்மையில் டைனமிக் மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்துப் பேசுகிறோம், அந்த நெருக்கம்தான் வேலை செய்கிறது. கணக்கு இதுதான்: வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் உன் குரல் ஏறத்தாழ 6 டெசிபெல் கூடும். 60 செ.மீ. தூரத்தில் இருப்பதை 15 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் 12 டெசிபெல். குரல் அவ்வளவு கூடியதும் நீ கெய்னை அதே 12 டெசிபெல் குறைப்பாய் அல்லவா? அப்போது ஃபேன், மோட்டார், தெரு எல்லாம் சேர்ந்து இறங்கிவிடும். காசே செலவில்லை. உன் வீடியோவில் ஃபோன் உன்னிடமிருந்து ஐந்தடி தள்ளி நின்று அதன் சொந்த மைக்கிலேயே கேட்டுக்கொண்டிருக்கிறது. பேச்சு நின்ற இடைவெளிகளில் ஃபேன் சத்தம் குபீரென்று மேலே வருகிறதே, அது ஃபோன் தானாகவே கெய்னை ஏற்றுவதால் வருவது. அந்தத் தானியங்கி வசதியை அணைக்க முடிகிற ரெக்கார்டிங் ஆப்பைப் பயன்படுத்து.

கார்டியாய்டு வகை மைக் வாங்கு, விலை குறைந்ததே போதும். அதற்கு முன்பக்கம் நன்றாகக் கேட்கும், நேர் பின்பக்கம் மிகக் குறைவாகக் கேட்கும். எல்லோரும் மைக்கின் முகத்தைத் தங்கள் பக்கம் திருப்புவதோடு விட்டுவிடுகிறார்கள். அதன் முதுகு எங்கே பார்க்கிறது என்பதைத்தான் நீ முதலில் தீர்மானிக்க வேண்டும். தொல்லை ஜன்னலிலிருந்து வருகிறதென்றால் முதுகை ஜன்னலுக்குக் காட்டு. நீ ஜன்னலைப் பார்த்து உட்கார். வெளிச்சமும் முகத்தில் நன்றாக விழும். ரொம்ப நெருங்கினால் இந்த வகை மைக்கில் அடித்தொனி கூடிக் குரல் குடம் போல ஒலிக்கும். ஒரு சாண் இடைவெளி விடு. ‘ப’வும் ‘ப்ப’வும் காற்றாக மோதாமல் இருக்க, வாய்க்கு நேரே வைக்காமல் சற்று ஒருக்களித்து வை.

படத்தில் மைக் தெரிந்தால் தெரியட்டும் என்பது என் கருத்து. கதை கேட்கிற குழந்தை அதைப் பொருட்படுத்தாது. மறைத்தே ஆக வேண்டுமென்றால் ஃபிரேமை மார்பளவுக்கு நெருக்கிக்கொள், தலைக்கு மேலிருந்து மைக்கைத் தொங்கவிடு. காலர் மைக் என்றால் கன்னத்துக்கு அருகே இருக்கிற அளவுக்கு மேலே குத்து. அவற்றில் பெரும்பாலானவை எல்லாத் திசையும் கேட்பவை, எனவே அங்கே நெருக்கம் ஒன்றே துணை. சிந்தடிக் புடவை அன்றைக்கு வேண்டாம், அது மைக்கில் சரசரக்கும். பருத்தி கட்டு. கழுத்துச் சங்கிலியையும் கண்ணாடி வளையலையும் கழற்றி வைத்துவிடு. கையை ஆட்டிக் கதை சொல்கிறவள் நீ.

அறைக்கு வருவோம். சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டப்போவதாக எழுதியிருந்தாய். தயவுசெய்து ஒட்டாதே. வெளிச்சத்தத்தைத் தடுக்க எடையும் காற்றுப் புகாத அடைப்பும் வேண்டும், அட்டையில் இரண்டும் இல்லை. நம் வீடுகளில் சத்தம் நுழைகிற வழி ஜன்னலுக்கு மேலிருக்கிற வென்டிலேட்டரும் கதவடி இடுக்கும். ஒன்றில் தலையணையைத் திணி, மற்றதில் நனைத்துப் பிழிந்த கனத்த துண்டைச் சுருட்டி வை. அதோடு தெருச் சத்தம் தணியும், போய்விடாது.

அறைக்குள்ளே எதிரொலிப்பது வேறு சங்கதி. டைல்ஸ் தரை, சிமெண்ட் பூச்சு, கான்கிரீட் கூரை மூன்றும் உன் குரலைத் திருப்பித் திருப்பி அனுப்புகின்றன. அதை அடக்கத் தடிமனான, காற்று ஊடுருவுகிற பொருள் வேண்டும். மெல்லிய ஃபோம் உயர்ந்த ஒலிகளை மட்டும் விழுங்கும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமே மூன்றரை மீட்டருக்குக் கிட்ட வருகிறது, இரண்டங்குலப் பஞ்சு அதை என்ன செய்யும்? உன் வீட்டில் இலவம்பஞ்சு மெத்தை இருக்கும். அதை உன் முதுகுக்குப் பின்னால் கொடி கட்டித் தொங்கவிடு. முதுகுப் பக்கம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், மைக் உன்னைப் பார்க்கிறது. உனக்குப் பின்னால் இருக்கிற சுவரையும் சேர்த்தே பார்க்கிறது. மெத்தைமேல் ஒரு சுங்குடிப் புடவையை மடிப்பு இல்லாமல் விரித்துப் போட்டால் அதுவே அழகான பின்னணி. எதிரே, ஜன்னலுக்கு ஓரமாக, துணி நிறைந்த பீரோவின் கதவுகளைத் திறந்து வை, அதற்கு முன்னால் கேமராவை நிறுத்து. நீ பேசுவது புடவை அடுக்குக்குள் போய் அடங்கும். தரையில் ஜமக்காளம்.

சில கதைகளைக் குரலை முதலில் பதிவுசெய்து படத்தைப் பிறகு சேர்த்தும் செய்யலாம். தமிழ் சினிமா பல காலம் படப்பிடிப்பு முடிந்த பிறகு டப்பிங் தியேட்டரில்தான் பேசியது. 2004-ல் வெளிவந்த ‘விருமாண்டி’ படத்துக்கு நடிகர்கள் களத்தில் பேசியதையே பதிவுசெய்தபோது அது பெரிய துணிச்சலாகப் பேசப்பட்டது. பொம்மையும் கையும் மட்டும் தெரிகிற கதைக்கு டப்பிங் வழி சரி. உன் முகமே கதையென்றால் மூச்சும் கண்ணும் ஒரே நேரத்தில் பதிவாக வேண்டும், அங்கே குறுக்கு வழி பார்க்காதே. தனி ரெக்கார்டரில் ஒலியைப் பிடித்தால் ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் கேமரா முன் கைதட்டு. நீண்ட துண்டுகளில் இரண்டு கருவிகளும் மெல்ல விலகிப்போகும், அதனால் சிறு துண்டுகளாக எடு. எல்.இ.டி. விளக்கு துடிக்கிறதென்றால் ஷட்டரை 1/50-ல் வை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்.

ஃபேனை நிறுத்தித்தான் ஆக வேண்டும். மதுரை வெயிலில் இது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். ஒரு காட்சி, பிறகு ஃபேன், தண்ணீர், மறுபடி ஒரு காட்சி என்று வைத்துக்கொள்.

நேரத்தை எப்படிப் பிடிப்பது? ஒரு வாரம் உன் தெருவைக் காதால் கவனித்து நோட்டில் எழுது: மோட்டார் எப்போது, காய்கறி வண்டியின் ஒலிபெருக்கி எப்போது, பள்ளி வேன் எப்போது. பெரும்பாலான தெருக்களில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு இடைவெளி விழும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. திருவிழா நாட்களில் விலக்கு உண்டு, சித்திரையில் அதை எதிர்பார்த்து வேலையைத் திட்டமிடு. பக்கத்து வீட்டுக்காரரிடம் மோட்டார் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள், கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

அம்மாவைப் பற்றி நீ எழுதிய வரி எனக்கு வருத்தமாக இருந்தது. மிக்ஸி போட்டதற்காக அவரிடம் சண்டை போடாதே. அடுப்படி அவருடைய வேலையிடம், அவருக்கும் நேரக் கணக்கு இருக்கிறது. குக்கர் வைக்கும் முன் ஒரு குரல் கொடுக்கச் சொல், நீ அந்த வாக்கியத்தோடு நிறுத்தி, விசில் அடங்கியதும் அதே வாக்கியத்தை முதலிலிருந்து எடு. சீரான இரைச்சலைச் சாஃப்ட்வேர் கண்டுபிடித்துக் கழிக்கும். திடீரென்று வருகிற விசிலும் ஹாரனும் பேச்சோடு ஒட்டிக்கொண்டால் எளிதில் பிரியாது. அவற்றுக்கு மறுபதிவுதான் மருந்து.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதிவுசெய், உரத்த சொல் மைனஸ் 12 டெசிபெல் பக்கம் நிற்கட்டும். ஒவ்வொரு முறையும் நீ பேசாத அறையை ஒரு நிமிஷம் தனியாகப் பதிவு பண்ணிக்கொள். ஒட்டு வேலைக்கும் இரைச்சல் கழிக்கவும் அது தேவைப்படும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை வெட்டிவிடு. இரைச்சல் நீக்கத்தை அளவோடு போடு, அதிகம் போனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலாகும். ஏ.ஐ. கொண்டு மெருகேற்றுகிற கருவிகளில் போட்டால் ழ, ள, ற எழுத்துகளை நிறுத்திக் கேட்டுப் பார். மழுங்கியிருந்தால் அந்தக் கருவியை விட்டுவிடு. ஒலிநூல் செய்யும் எண்ணம் இருக்கிறது என்றாயே, அங்கே அளவு கறாரானது: ஏ.சி.எக்ஸ். தளம் பின்னணி இரைச்சல் மைனஸ் 60 டெசிபெலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. யூடியூபில் போகிற கதைக்கு அவ்வளவு வேண்டாம். கிராமத்துக் கதையில் தூரத்தில் ஒரு காக்கை கரைந்தால் விட்டுவிடு.

மெத்தையைக் கட்டி, மைக்கை ஒரு சாணுக்குக் கொண்டுவந்து, அடுத்த கதையை எடுத்ததும் எனக்கு அனுப்பு. எதுவும் கழிக்காத மூலக் கோப்பையே அனுப்பு, உன் அறையைப் பதிவுசெய்த அந்த ஒரு நிமிஷத்தையும் சேர்த்து. கேட்டுவிட்டு அடுத்த கடிதம் எழுதுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்