மற்போர் பயிலத் தொடங்குவோர்க்குச் சில பாடங்கள்

மற்போர் என்றவுடன், அது பருத்த தோளும் திரண்ட புயமும் உடையார்க்கே உரியதொரு கலை என்று எண்ணுவோர் பலர். புதிதாகக் களத்தில் இறங்கும் மாணவனும் இவ்வெண்ணத்துடனேயே இறங்குகின்றான். எதிரியைப் பற்றிய மாத்திரத்தே தன் வலிமை முழுவதையும் ஒருங்கே செலுத்தி அவனை வீழ்த்த முயல்கின்றான். இரண்டொரு நிமிடங்களில் மூச்சு வாங்குகின்றது, கைகள் சோர்கின்றன, தன்னினும் மெலிந்த ஒருவன் தன்மேல் அமர்ந்திருப்பதைக் கண்டு திகைக்கின்றான். அவனுக்கு நேர்ந்தது வலிமைக் குறையன்று, முறையறியாமையே. அம்முறையின் தொடக்கப் பாடங்களைத் தொகுத்துக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மற்போர் தமிழர்க்குப் புதியதன்று. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனுடன் பொருததைச் சாத்தந்தையார் என்னும் புலவர் பாடினார். அப்பாட்டுப் புறநானூற்றில் 80ஆம் பாடலாக உள்ளது. கிள்ளியின் ஒரு கால் மல்லனின் மார்பிற் பதிந்திருந்ததையும், மற்றைக் கால் அவன் செய்யும் உபாயங்களைத் தடுத்துப் பின்னே ஊன்றியிருந்ததையும் புலவர் கூர்ந்து நோக்கிக் கூறுகின்றார். வெல்லும் நிலையிலும் கிள்ளி இரு கால்களையும் தாக்குதற்கே செலவிட்டானல்லன். ஒன்றைத் தன்னைக் காத்தற்கு வைத்துக்கொண்டான். தொடங்குவோன் முதற்கண் உளங்கொள்ள வேண்டிய உண்மை இதுவே.

இதனையே ஒழுங்கானதொரு கல்விமுறையாக வகுத்தவர் யப்பான் நாட்டு யிகோரோ கானோ ஆவார். 1860 இல் பிறந்த இவர் இளமையில் மெலிந்த உடலினர். வலிய மாணவர்களால் நலிவுற்றவர். பழைய யுயுத்சு முறைகளைப் பயின்று, அவற்றுள் ஊறு விளைப்பனவற்றை நீக்கி, 1882 இல் தோக்கியோவில் ஒரு கோயிலின் சிறு மண்டபத்தில் யூடோப் பயிற்சியைத் தொடங்கினார். அவர் தொழிலால் ஆசிரியர். பின்னர் ஆசிரியப் பயிற்சிக் கழகத்தின் அதிபராகவும் விளங்கினார். அவர் வகுத்த கலை 1964 இல் தோக்கியோ ஒலிம்பிக் விழாவில் இடம்பெற்றது.

விழுதல்

நிற்கக் கற்பதற்கு முன் விழக் கற்றல் வேண்டும். விழுகின்றவன் இயல்பாகவே கையை நீட்டி நிலத்தில் ஊன்றுவான். உடலின் பாரம் முழுவதும் அவ்வொரு கையில் இறங்குதலால் மணிக்கட்டோ முழங்கையோ காறையெலும்போ முறிய நேரிடும். ஆதலின், பின்னே விழும்போது நாடியை மார்போடு சேர்த்துத் தலையின் பின்புறம் நிலத்தில் மோதாமற் காக்க. முதுகை வளைத்து உருள்க. உள்ளங்கை முதல் முழங்கை வரை இரு கைகளாலும் மெத்தையை ஒருங்கே அறைக. மூச்சை வெளியே விடுக. விழும் விசை ஓரிடத்தில் தாக்காது பரந்த இடத்திற் பகிரப்படுதலே இதன் பயன். முதலிற் குந்திய நிலையிலிருந்தும், பின்னர் நின்ற நிலையிலிருந்தும் இதனைப் பயில்க. விழுதற்கு அஞ்சுகின்றவன் உடலை விறைப்பாக்குகின்றான். விறைத்த உடலை வீழ்த்துதல் எளிது.

நிற்றல்

ஒரு பாதம் சிறிது முன்னாகத் தோளகலத்திற்குக் கால்களை வைத்து, முழந்தாள்களைத் தளர மடித்து, இடுப்பைத் தாழ்த்துக. முதுகு நேராகவும் தலை நிமிர்ந்தும் இருத்தல் வேண்டும். முழங்கைகள் விலாவை விட்டு அகலலாகா. நடக்கும்போது கால்களைப் பின்னாதிருக்க; பின்னிய கணத்தில் சிறு தள்ளுதலும் வீழ்த்திவிடும்.

எதிரியின் இரு பாதங்களையும் இணைத்து ஒரு கோடு வரைந்ததாகக் கருதுக. அக்கோட்டின் வழியே அவனைத் தள்ளினால் அவன் உறுதியாக நிற்பான். அக்கோட்டிற்குக் குறுக்கே, முன்னாகவோ பின்னாகவோ இழுத்தால் எளிதில் நிலைகுலைவான். நிலைகுலைத்த பின்னரே எறிதல் வேண்டும். நிலைகுலையாதவனைத் தூக்க முயல்வது வீண்முயற்சி. இதற்குக் கானோ கூறிய விளக்கம் எளிமையானது. எதிரியின் வலிமை பத்து, நம் வலிமை ஏழு எனக் கொள்க. அவன் தள்ள நாமும் எதிர்த்துத் தள்ளினால் நாமே தோற்போம். அவன் தள்ளும் திசையிலேயே நாம் பின்வாங்கினாலோ அவன் நிலைதவறுகின்றான். அக்கணத்தில் அவனது வலிமை மூன்றாகின்றது. நம் ஏழும் குறையாது நிற்கின்றன.

நிலத்திற் பொருதல்

நிலத்தில் விழுந்தபின் தொடங்குவோன் செய்யும் பெரும்பிழை, கிடைத்த கையையோ கழுத்தையோ பற்றி முறுக்க விரைவதாகும். முதலில் இடம், பின்னரே பூட்டு. மேலே இருப்பவன் தன் மார்பின் பாரத்தை எதிரியின் மார்பில் இறக்கி, இடைவெளியின்றி ஒட்டியிருக்க வேண்டும். கீழே இருப்பவன் மல்லாந்து கிடத்தல் ஆகாது. ஒருக்களித்துக் கிடக்க வேண்டும்.

கீழிருந்து மீள இரு அசைவுகள் இன்றியமையாதன. ஒன்று, பாதங்களை ஊன்றி இடுப்பைப் பாலம்போல் உயர்த்தல். மார்பின்மேல் அமர்ந்தவனின் ஒரு கையையும் அதே பக்கத்துக் காலையும் சிறைசெய்து, இடுப்பை உயர்த்தி அப்பக்கத் தோளின்மேல் உருண்டால், ஊன்றுதற்குக் கையுங் காலும் இன்றி அவன் கவிழ்வான். மற்றையது, இறால் சுருளுமாறு போல உடலை மடக்கி, இடுப்பைப் பின்னே தள்ளி விலகுதல். அவ்வாறு உண்டான இடைவெளியில் முழந்தாளை நுழைத்து எதிரியைத் தடுக்கலாம். இவ்விரண்டையும் தனியே நாள்தோறும் பயில்வோன் விரைவில் தேர்ச்சி பெறுவான். மூச்சை அடக்காது சீராக விடுதலையும் இப்பயிற்சியிலேயே பழகிக்கொள்ளல் வேண்டும்.

தட்டுதல்

எதிரியின் உடலையோ மெத்தையையோ கையால் இருமுறை தட்டுதல் ‘அடங்கினேன், விடுக’ எனப் பொருள்படும். வாய்ச்சொல்லாலும் இதனை உணர்த்தலாம். இவ்வடையாளத்தைக் கண்ட கணமே பிடியை விடுதல் கட்டாய விதி. கழுத்தின் இரு பக்கத்துக் குருதிக் குழாய்களை நெருக்கினால் சில விநாடிகளில் அறிவு மயங்கும். முழந்தாளை முறுக்கும் பூட்டுகளில் நோவு தோன்றுமுன்னரே நரம்பும் நாரும் கிழிதல் கூடும். ஆதலின் இவ்விரண்டையும் தொடக்க மாணவர் தேர்ந்த ஆசிரியரின்றிப் பயிலலாகாது. தலை கீழாக ஒருவனை எறிதலும், பிறன் கழுத்தின்மேல் தன் பாரத்தை இறக்குதலும் எக்காலத்தும் விலக்கத்தக்கன.

தட்டுதலை நாணத்தக்கதென்று கருதிப் பொறுத்திருக்கும் இளைஞர் உளர். அவர் ஒரு நாள் மானத்திற்காகப் பல மாதப் பயிற்சியை இழப்பர். தட்டியவன் அடுத்த நிமிடத்தில் மீண்டும் பொருகின்றான். எங்கே பிழைத்தான் என்பதையும் அறிந்துகொள்கின்றான்.

உடலோம்பல்

நகங்களை ஒட்ட வெட்டுக. மோதிரம், கழுத்துச் சங்கிலி முதலியவற்றைக் களைக. பயிற்சி முடிந்தவுடன் நீராடுக. வியர்வை மிகும் நம் நாட்டு வெப்பத்தில், மெத்தையைக் கழுவாது விட்டால் படர்தாமரை முதலிய தோல்நோய்கள் ஒருவரிலிருந்து எல்லார்க்கும் பரவும். தோல்நோயுடையான் அது தீருமட்டும் களத்தில் இறங்கலாகாது.

எடைப் பிரிவிற்காக உண்ணாதும் நீர் பருகாதும் வியர்த்தும் உடலை வற்றச் செய்தல் பெருந்தீங்கு. 1997 இன் இறுதியில் ஐக்கிய அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்லர்கள் இவ்வாறு எடை குறைக்க முற்பட்டுச் சில வார இடைவெளியில் ஒருவர்பின் ஒருவராக உயிர்நீத்தனர். அதன் பின்னரே அங்குக் கல்லூரிப் போட்டிகளின் எடை விதிகள் திருத்தப்பட்டன. வளரும் மாணவன் தன் இயல்பான எடையிலேயே பொருதல் நன்று.

முடிவுரை

கானோ தம் மாணவர்க்கு இரு நெறிகளை வகுத்தார். ஆற்றலை வீணாக்காது நற்பயன்பட வழங்குதல் ஒன்று. தானும் பிறனும் ஒருங்கே நலம்பெறுதல் மற்றொன்று. முன்னையது இல்லாதவன் விரைவிற் களைப்பான். பின்னையது இல்லாதவனோடு பயில ஒருவரும் வாரார். மற்போரைத் தனியே கற்க முடியாது. நம்மோடு பயில்வோன் தன் கையையும் கழுத்தையும் நம்மிடம் ஒப்படைத்தே நமக்குக் கற்பிக்கின்றான். அவன் அன்று மாலை ஊறின்றி வீடு செல்வதைத் தன் கடமையாகக் கொள்பவனே இக்கலையைப் பயிலத் தகுதியுடையான். ஆசிரியர்களும் களத்தில் இறங்கும் மாணவனுக்கு முதல் நாளிலேயே இதனை உணர்த்துவாராக.