எழுதியது என்றும் திறக்க வேண்டும்

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள ரமண நகரிலும் செங்கம் சாலையோரத் தெருக்களிலும் ஏதாவது ஓர் எழுத்து வேலை நடந்துகொண்டே இருக்கும். பணி ஓய்வு பெற்று இங்கே வந்து தங்கியவர்கள் தங்கள் குறிப்புகளைப் புத்தகமாக்குகிறார்கள். சிலர் மொழிபெயர்க்கிறார்கள். சிலர் சத்சங்க ஒலிப்பதிவுகளைத் தொகுக்கிறார்கள். இவர்களுக்கு வீட்டிலிருந்தே தட்டச்சும் நூல் வடிவமைப்பும் செய்து தருகிறவள் நான். என் கணினியில் இருப்பவை லினக்ஸ் மின்ட் இயங்குதளமும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பும்; இரண்டும் இலவசம். காசு மிச்சம் என்பது உண்மைதான். ஆனால் நான் மாறிய காரணம் வேறு: இன்று எழுதியது பத்து வருடம் கழித்தும், என் கையில் மட்டுமல்லாமல் யார் கையிலும் திறக்க வேண்டும். வீட்டுக் கணினிக்கு மென்பொருள் தேடும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பழைய ஃபான்ட் சொன்ன பாடம்

யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழில் தட்டச்சு செய்தவை பாமினி, வானவில், டாம், டாப், டிஸ்கி என்று பல குறியீட்டு முறைகளில் கிடக்கின்றன. அந்தந்த ஃபான்ட் இல்லாத கணினியில் திறந்தால் தமிழுக்குப் பதில் புரியாத எழுத்தும் குறியும்தான் தெரியும். "எல்லாம் இந்த சிடியில இருக்கும்மா" என்று நம்பிக்கையோடு கொண்டுவருபவர்களுக்கு, எந்த ஃபான்ட் என்று கண்டுபிடித்து, யூனிகோடுக்கு மாற்றி, மாற்றும்போது சிதைந்த எழுத்துகளை வரிவரியாகத் திருத்தித் தருவதே என் வேலையில் பெரும்பங்கு. தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010-இல். அது எல்லாருக்கும் பொதுவான தரம். எந்த ஒரு ஃபான்ட் கடைக்கும் கட்டுப்பட்டதல்ல. அதனால்தான் இன்று கைப்பேசியில் அடித்த தமிழ் கணினியிலும் தமிழாகவே தெரிகிறது.

கோப்பு வடிவத்துக்கும் இதே நியாயம்தான். லிப்ரே ஆபீஸ் பயன்படுத்தும் ஓடிஎஃப் 2006-இலும், பிடிஎஃப் 2008-இலும் ஐஎஸ்ஓ தரங்களாயின. அவற்றின் உள்ளமைப்பு யாரும் படிக்கும்படி வெளியாகியிருப்பதால், ஒரு மென்பொருள் நின்றுபோனாலும் இன்னொன்று திறக்கும். ஆசிரமம் 1964 முதல் வெளியிட்டுவரும் 'மவுன்டன் பாத்' ஆங்கில இதழின் பழைய இதழ்களை இன்று பிடிஎஃப்பாக எந்தக் கணினியிலும் படிக்க முடிவதை நினைத்துப் பாருங்கள். மென்பொருள் வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன், "இதில் எழுதியதை வேறொன்றில் திறக்கலாமா?" என்று கேளுங்கள்.

முதலில் செயலி, பிறகு சிஸ்டம்

ஒரே நாளில் விண்டோஸைத் தூக்கிவிட்டு லினக்ஸ் போடச் சொல்லமாட்டேன். விண்டோஸில் இருந்தபடியே செயலிகளை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். கடிதம், கணக்குக்கு லிப்ரே ஆபீஸ். இணையத்துக்கு ஃபயர்பாக்ஸ். படம், பாட்டுக்கு விஎல்சி. புகைப்படம் திருத்த கிம்ப். ஒலிப்பதிவில் மின்விசிறி இரைச்சலைக் குறைக்க ஆடாசிட்டி. இவை எல்லாம் விண்டோஸிலும் ஓடும், லினக்ஸிலும் ஓடும். கை பழகிய பிறகு சிஸ்டம் மாறினாலும் நீங்கள் தினமும் தொடும் பொத்தான்கள் அப்படியே இருக்கும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்த வரிசையை விடவே விடாதீர்கள்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. நன்றாக ஓடும் பல பழைய கணினிகள் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறவில்லை. அவற்றைப் பழைய இரும்புக்குப் போடும் முன் லினக்ஸைச் சோதித்துப் பாருங்கள். மின்ட்டின் நிறுவல் கோப்பை (.iso) இறக்கி, ரூஃபஸ் செயலியால் 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றுங்கள். பென் டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் காலியானதையே எடுங்கள். அதிலிருந்து கணினியை ஓட்டினால், நிறுவாமலே மின்ட் முழுதாகத் திறக்கும். வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, கேமரா, பிரிண்டர் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். பிரிண்டரில் கூடுதல் கவனம் தேவை. ஹெச்பி தன் பிரிண்டர்கள் பலவற்றுக்கு லினக்ஸ் ஆதரவைத் திறமூலமாகவே, அதாவது மூலநிரலை யாரும் பார்க்கும்படியே, தருகிறது. எல்லா நிறுவனங்களும் அப்படியில்லை. புதிதாக வாங்குவதானால் மாடல் எண்ணை வைத்து முன்கூட்டியே விசாரியுங்கள்.

2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த பல மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் உருவாக்கிய இந்திய லினக்ஸ் அது. அந்த மடிக்கணினி உங்கள் வீட்டு அலமாரியில் தூங்கினால் எழுப்பிப் பாருங்கள். மின்ட் 2 ஜிபி ராமில் ஓடும். ஆனால் பிரவுசர் திணறும். 4 ஜிபி ஆக்கி, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் ஒரு எஸ்எஸ்டி போட்டு, மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை நிறுவினால் எழுதவும் படிக்கவும் தாராளம்.

"இதுல தமிழ் வருமா?"

எல்லாரும் கேட்கும் கேள்வி. வரும். 1999-இல் அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை லினக்ஸின் ஐபஸ், எம்17என் தொகுப்பில் இருக்கிறது. ஆங்கில ஒலிப்படி அடிப்பவர்களுக்கு அதுவும் உண்டு. விண்டோஸில் இருப்பவர்களுக்கு இ-கலப்பை இருக்கிறது, அதுவும் திறமூலம்தான். பழைய தமிழ் நூல்களை ஸ்கேன் செய்து வைத்திருப்பவர்கள் டெசராக்டைப் பயன்படுத்திப் பாருங்கள். 2005-இல் திறமூலமாக வெளியான இந்த எழுத்துணரி தமிழையும் படிக்கும். தெளிவான அச்சாக இருந்தால் தட்டச்சு வேலை பெருமளவு குறையும். மெய்ப்பு பார்ப்பது மட்டும் நம் பொறுப்பு.

ஜெராக்ஸ் கடைக்குப் போகும்போது ஓடிடி கோப்பை (ஓடிஎஃப்பின் எழுத்து ஆவண வடிவம்) எடுத்துச் செல்ல வேண்டாம். லிப்ரே ஆபீஸிலேயே பிடிஎஃப்பாக ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள். ஃபான்ட் உள்ளேயே பதிந்துவிடுவதால் எழுத்தும் பக்கமும் இடம் மாறாது. பதிப்பாளர் டாக்எக்ஸ் கேட்டால் அந்த வடிவில் சேமித்து, சரிபார்க்க ஒரு பிடிஎஃப்பையும் சேர்த்து அனுப்புங்கள்.

பௌர்ணமி இரவில்

பௌர்ணமிக்கும் கார்த்திகை தீபத்துக்கும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க லட்சக்கணக்கானோர் நடக்கும்போது எங்கள் பக்கம் செல்பேசி இணையம் ஊர்ந்துதான் போகும். உள்நுழைவும் சந்தா சரிபார்ப்பும் கேட்கும் மென்பொருள்கள் சரியாக அந்த நேரத்தில் சுழன்றுகொண்டு நிற்கும். கணினிக்குள்ளேயே முழுதாகக் குடியிருக்கும் லிப்ரே ஆபீஸுக்கு இணையமே தேவையில்லை. கரண்ட் போகும் ஊர்களில் இன்னொன்றும் செய்யுங்கள்: அமைப்புகளில் தானாகச் சேமிக்கும் இடைவெளியைக் குறைத்து வையுங்கள்.

எதை மாற்ற வேண்டாம்

டேலியில் கணக்கு எழுதுபவர்கள், டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வைத்திருப்பவர்கள், ஃபோட்டோஷாப், கோரல்டிரா கோப்பையே கேட்கும் அச்சகங்களோடு தினமும் வேலை செய்பவர்கள் விண்டோஸை வைத்துக்கொள்வதே நல்லது. ஒரே கணினியில் இரண்டையும் வைத்து, தேவைப்படும்போது மாறிக்கொள்ளலாம். வேண்டாததைக் காசு கொடுத்து வாங்காமல் இருந்தால் போதும். ஆனால் கிராக் செய்த விண்டோஸையும் ஆபீஸையும் மட்டும் வீட்டில் வைக்காதீர்கள். பூட்டை உடைத்தவர் உள்ளே வேறு எதை வைத்தார் என்று நமக்குத் தெரியாது; வங்கிக் கணக்கும் அதே கணினியில்தான் இருக்கிறது. நேர்மையாகவே இலவசமாகக் கிடைக்கும்போது திருட்டுப் பிரதிக்கு என்ன அவசியம்?

கேட்க ஆள் உண்டு

"ரிப்பேர் ஆனா யாரைக் கேக்கறது?" என்ற பயம் நியாயமானது. ஆனால் இந்தப் பாதையில் நாம் தனியாக இல்லை. தமிழக அரசின் எல்காட் நிறுவனமே 2000-களில் ஐஏஎஸ் அதிகாரி உமாசங்கர் பொறுப்பில் இருந்தபோது தன் அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. கேரளத்தின் அரசுப் பள்ளிகள் பல வருடங்களாகக் கட்டற்ற மென்பொருளிலேயே கற்பிக்கின்றன. தமிழில் படித்துத் தெரிந்துகொள்ள 2012 முதல் 'கணியம்' மின்னிதழ் இருக்கிறது. நேரில் கேட்க, எங்களுக்குப் பக்கத்து ஊரான விழுப்புரத்திலேயே குனு/லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. காஞ்சிபுரத்திலும் சென்னையிலும் குழுக்கள் உண்டு. கேட்கும்போது கணினி மாடல், லினக்ஸ் பதிப்பு, திரையில் வந்த பிழைச்செய்தி மூன்றையும் சொன்னால் பதில் சீக்கிரம் வரும்.

இந்த மென்பொருள்களை எழுதியவர்களும் தமிழாக்கியவர்களும் பெரும்பாலும் தங்கள் சொந்த நேரத்தைக் கொடுத்தவர்கள். சந்தாவுக்குக் கொடுத்திருக்கக்கூடிய பணத்தில் ஒரு பகுதியை அவர்களுக்கு நன்கொடையாக அனுப்பலாம். மெனுவில் ஒரு தமிழ்ச் சொல் பிழையாக இருந்தால் எழுதித் தெரிவிக்கலாம். அடுத்த பதிப்பில் அது சரியாகலாம், தமிழில் பயன்படுத்தும் எல்லாருக்கும் அது போய்ச் சேரும். இந்த வாரம் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். உங்கள் கணினியிலுள்ள மிகப் பழைய தமிழ்க் கோப்பைத் திறந்து பாருங்கள். படிக்க முடிந்தால் யூனிகோடில் ஓடிடியாகவும் பிடிஎஃப்பாகவும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். படிக்க முடியாவிட்டால், அந்த ஃபான்ட்டை அறிந்தவர்கள் இருக்கும்போதே மாற்றி எடுத்துவிடுங்கள்.